துணுக்குகளைச் சட்டென்று சேமிக்க நோட்பேடில் ஒரு சின்ன ஏற்பாடு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கோயில் கமிட்டியிலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ செயலாளராக இருப்பவர்களுக்கு எழுத்து வேலை ஓயாது. உபயக்காரர் அறிவிப்பு, மாவட்ட அலுவலகத்துக்கு மலாய்க் கடிதம் என்று மறுபடி மறுபடி தேவைப்படும் வரிகளை ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் ஃபோல்டரைத் தேடி, கோப்பைத் திறந்து, கடைசி வரிக்கு இறங்கி, தேதி அடித்து ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். விண்டோஸோடு வரும் நோட்பேடே இதற்குப் போதும்.

முதலில் புதுக் கோப்பில் முதல் வரியில் ஒரு புள்ளி, அதை ஒட்டியே எல், ஓ, ஜி என்ற ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். இடைவெளி கூடாது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனி கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் கடைசியில் தானாக விழும்.

சேமிக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) என்ற இடத்தில் யூடிஎஃப்-8 இருக்கிறதா பாருங்கள். 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அதுதான் இயல்பாக இருக்கும். அதற்கு முந்தைய கணினிகளில் ஆன்சி என்றிருக்கும், அப்படியே சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. சங்க அலுவலகங்களில் பழைய கணினிதான் பெரும்பாலும் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'சென்ட் டூ' வழியாக டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் போடுங்கள். அந்த ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'ஷார்ட்கட் கீ' கட்டத்தைக் கிளிக் செய்து கே எழுத்தை மட்டும் தட்டினால் கண்ட்ரோல் + ஆல்ட் + கே என்று தானே நிரம்பும். ஓகே கொடுங்கள். ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலேயே விட்டுவையுங்கள், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் விசை வேலை செய்யாது.

சரி, இனி வேண்டிய வரியைக் கண்ட்ரோல் + சி-யால் நகலெடுத்து, கண்ட்ரோல் + ஆல்ட் + கே அழுத்தினால் கோப்பு திறக்கும். தேதிக்குக் கீழே 'உபயம்', 'கடிதம்' என்று ஒரு சொல் அடித்துவிட்டு கண்ட்ரோல் + வி, கண்ட்ரோல் + எஸ். அந்த ஒரு சொல்லைச் சோம்பல்படாமல் அடியுங்கள், பின்னால் கண்ட்ரோல் + எஃப் போட்டுத் தேட அதுதான் பிடி. முடித்ததும் கோப்பை மூடிவிடுங்கள், திறந்தே வைத்திருந்தால் அடுத்த துணுக்குக்குத் தேதி விழாது. அப்படித் திறந்தே வைக்க வேண்டியிருந்தால் எஃப்5 விசையைத் தட்டினால் போதும், தேதியும் நேரமும் கர்சர் இருக்கும் இடத்திலேயே வந்துவிடும்.