இரும்பில்லாத ஸ்டேட்டர்: ஒரே அளவில் 9 சுருள்

திருகோணமலையில் சின்னக் காற்றாலைக்கு ஸ்டேட்டர் (சுழலாமல் நின்று மின்சாரம் தரும் சுருள் பகுதி) செய்ய இரும்புத் தகடு வெட்டுவதை விட்டுவிட்டேன். 12 துருவக் காந்தத் தட்டுகள் இரண்டுக்கு நடுவே, ஒரே அச்சுக்கட்டையில் ஒரே அளவாகச் சுற்றிய 9 சுருள்கள் போதும். 1, 4, 7ஆம் சுருள்களைத் தொடராக இணைத்தால், மூன்று கட்ட (three-phase) மின்சாரத்தில் ஒரு கட்டம். மற்றவையும் அதே கணக்கு. ஒன்றைத் தலைகீழாக இணைத்தால் அந்தக் கட்டத்தின் வோல்ட் மூன்றிலொன்றாக விழும். ஆகவே ஒவ்வொரு சுருளின் தொடக்க நுனியிலும் நூல் கட்டுங்கள்; ரெசினில் வார்த்தபின் திருத்த வழியில்லை.

முன்பு கேடு செய்தது ரெசினில் தங்கிய காற்றுக் குமிழிதான். ஊசித்துளை வழியே கடற்காற்றின் உப்பீரம் இறங்கி, செம்பு பச்சை பூத்தது. இப்போது பைபர் படகுக்குப் பூசும் ரெசினை முதலில் வெறுமனே ஊற்றி, அச்சுப்பெட்டியைத் தட்டித் தட்டிக் குமிழியை மேலேற்றுகிறேன். பிறகுதான் டால்க் பவுடர் கலந்த ரெசின்: இறுகும்போது சூடு குறையும், வெடிப்பும் விழாது. இரும்பு இல்லாததால் காந்தம் கூடுதலாகத் தேவை. ஆனால் மெல்லிய காற்றிலும் தடங்கலின்றிச் சுழலத் தொடங்கும்.