டிகிரி இல்லாமல் ரயில்வே வேலை: எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் முடித்து வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, காலேஜ் போகலைங்க, ரயில்வேல சேர முடியுங்களா?" தாராளமாகச் சேரலாம். ஆனால் விண்ணப்பம் போடும் முன் ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள்.

உதவி லோகோ பைலட், அதாவது ரயில் இன்ஜினின் உதவி ஓட்டுநர் ஆக, பத்தாவதோடு உரிய டிரேடில் ஐ.டி.ஐ. முடித்திருந்தால் போதும். ஆனால் கண்ணாடி இல்லாமலே இரு கண்ணிலும் 6/6, அதாவது குறையில்லாத பார்வை வேண்டும். நிறக்குருடு கூடாது. லேசர் சிகிச்சை செய்துகொண்டும் நுழைய முடியாது. இந்தச் சோதனை எல்லாத் தேர்வும் முடிந்த பிறகுதான் வரும். என் சித்தப்பா பையன் அங்கேதான் நின்றுபோனான். இரண்டு வருட உழைப்பு, வீட்டில் யாரும் அன்று சாப்பிடவில்லை. கண்ணாடி போட்டவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கேற்ற பணிகள் ரயில்வேயின் முதல் சம்பளப் படியான லெவல் 1-இலேயே இருக்கின்றன.

அடுத்து, கையிலுள்ள சான்றிதழைப் பாருங்கள். பத்தாவது மட்டும் என்றால் லெவல் 1: தண்டவாளப் பராமரிப்பு, பாயின்ட்ஸ்மேன் (ரயில் தடம் மாற்றுபவர்), பணிமனை உதவியாளர். அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், படிகள் தனி. பிளஸ் டூ என்றால் டிக்கெட் கிளார்க், 21,700 ரூபாய்.

ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது அப்ரண்டிஸ், அதாவது பணிமனையில் வேலை பழகும் பயிற்சி. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் படித்தவர்கள் தெற்கு ரயில்வே அறிவிப்பைக் கவனியுங்கள். போத்தனூர் சிக்னல் பணிமனையும் சேலம் கோட்டமும் நமக்குப் பக்கம். எழுத்துத் தேர்வு கிடையாது, மதிப்பெண்தான். உதவித்தொகை உண்டு. நிரந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் முடித்தவர்களுக்கு லெவல் 1-இல் 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்காகவே போகலாம்.

லெவல் 1 தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 90 நிமிடம், 100 கேள்வி: ரீசனிங் 30, கணக்கு 25, அறிவியல் 25, பொது அறிவு 20. மூன்று தப்பு ஒரு மார்க்கைத் தின்றுவிடும், குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள்.

அப்புறம் உடல்தகுதி. ஆண்கள் 35 கிலோ சுமையைக் கீழே வைக்காமல் இரண்டு நிமிடத்தில் 100 மீட்டர் கொண்டுபோக வேண்டும், 1,000 மீட்டரை 4 நிமிடம் 15 விநாடியில் ஓட வேண்டும். பெண்களுக்கு 20 கிலோ. ஓட்டத்துக்கு 5 நிமிடம் 40 விநாடி. ஒரு சாக்கில் மணலை எடைபோட்டுக் கட்டி, விடிகாலையில் பழகுங்கள். சுமை தூக்கிப் பழகியவர்களுக்கும் ஓட்டம் மூச்சு வாங்கும். எழுத்துத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்ரண்டிஸுக்குத் தெற்கு ரயில்வே இணையதளம்; மற்ற விண்ணப்பமெல்லாம் ரயில்வே தேர்வு வாரிய இணையதளத்தில் மட்டும்தான். பத்தாவது சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். லெவல் 1 கட்டணம் பொதுப் பிரிவு ஆண்களுக்கு 500 ரூபாய். தேர்வு எழுதினால் அதில் 400 திரும்ப வரும், வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகப் போடுங்கள். இதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள்.