நெபுலா நடுவே ஏறி இறங்கும் வெளிச்சம்: அவசரப்பட்டால் எங்கே சறுக்கும்?

கோள் நெபுலா என்ற பெயரே ஒரு பழைய குழப்பம். 18ஆம் நூற்றாண்டுத் தொலைநோக்கியில் வட்டத் தட்டாகத் தெரிந்ததால் வந்த பெயர் அது. உண்மையில் அது சாகப்போகும் விண்மீன் உதறிய வாயு. நடுவிலுள்ள விண்மீனின் வெளிச்சம் சீராக ஏறி இறங்கினால், ‘துணை விண்மீன் இருக்கிறது, இதுதான் சுற்றுக்காலம்’ என்று எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒளிவளைவில், அதாவது நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், 5 மணி நேரத்துக்கு ஒரு மேடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான விண்மீன், குளிர்ந்த துணையின் ஒரு முகத்தை மட்டும் வாட்டுகிறது என்றால், அந்த முகம் நம் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் கூடும். சுற்றுக்கு ஒரு மேடுதான். சுற்றுக்காலம் 5 மணி. ஆனால் ஈர்ப்பால் முட்டைபோல இழுபட்ட விண்மீன் என்றால், இரண்டு பக்கவாட்டிலும் அகலமாகத் தெரியும். சுற்றுக்கு இரண்டு மேடு. சுற்றுக்காலம் 10 மணி! தரவை 10 மணிக்கு மடித்து, அதாவது ஒவ்வொரு 10 மணி நேரத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, அடுத்தடுத்த பள்ளங்கள் ஒரே ஆழமா என்று கவனியுங்கள். சமமாக இருந்தால் சந்தேகம் தீராது. அப்போது நிறமாலையில் திசைவேகத்தை அளந்தே ஆகவேண்டும்.

அடுத்தது நெபுலாவே செய்யும் குறும்பு. காற்று கலங்கிய இரவில் விண்மீனின் ஒளி, அதை அளக்கப் படத்தில் நாம் போடும் வட்டத்துக்கு வெளியே சிதறும், பக்கத்து வாயுவின் ஒளி உள்ளே வரும். இல்லாத மாற்றம் இருப்பதுபோலத் தெரியும். நெபுலாவின் வாயு பளிச்சென்று ஒளிரும் நிறங்களை, அதாவது ஆக்சிஜன், ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடுகளை விலக்கும் வடிகட்டி போட்டாலே பாதித் தலைவலி போய்விடும்.

எல்லா மங்கலும் கிரகணம் அல்ல. என்ஜிசி 2346 என்ற கோள் நெபுலாவின் நடுவில் 16 நாள் சுற்றுக்காலமுள்ள ஜோடி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அது ஆழமாக மங்கியதற்குக் காரணம் குறுக்கே வந்த தூசு மேகம்.

ஹென் 2-428 என்ற கோள் நெபுலா இன்னும் நல்ல பாடம். அதன் நடுவிலுள்ள ஜோடியின் மொத்த நிறை சூரியனைப்போல 1.76 மடங்கு என்று 2015இல் கணித்தார்கள். ஒரு வெள்ளைக் குள்ள விண்மீன் தாங்கக்கூடிய உச்ச நிறையான சந்திரசேகர் எல்லையைவிட அதிகம் என்பதால், இணைந்து வெடிக்கும் ஜோடி என்று பரபரப்பானது. 2020இல் வந்த மறு ஆய்வு, அளந்த நிறமாலைக் கோட்டில் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியின் உறிஞ்சலும் கலந்திருந்ததைக் காட்டியது. நிறை அந்த எல்லைக்கு வெகு கீழே இறங்கிவிட்டது.

அப்புறம், மாற்றமே தெரியவில்லை என்றால்? சுற்றுப்பாதையை நேர் மேலிருந்து பார்க்கிறோம் என்றால், நெருக்கமான ஜோடிகூடக் கிட்டத்தட்டத் தட்டையான கோட்டைத்தான் காட்டும். ‘தனி விண்மீன்’ என்று எழுதாதீர்கள். எவ்வளவு சிறிய மாற்றம்வரை உங்கள் கருவியால் பிடித்திருக்க முடியும் என்று எழுதுங்கள்.