மேல்முறையீட்டு வக்கீலின் சுயவிவரத்தை எப்படிப் படிப்பது?

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் 11 வருடமாக பாராலீகல், அதாவது வக்கீல்களுக்குச் சட்ட வேலையில் உதவும் வேலை. கேஸ் தோற்ற நண்பர்கள் ராத்திரியில் ஒரு வக்கீலின் சுயவிவர லிங்கை அனுப்பி, "இந்த அட்டர்னி சரிப்படுவாரா?" என்று கேட்பார்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள், வக்கீலை அப்புறம் பார்க்கலாம். பெடரல், அதாவது மத்திய நீதிமன்ற, சிவில் வழக்கில் தீர்ப்பு பதிவானதிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் தாக்கலாக வேண்டும். மத்திய அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. தண்டனை பெற்ற கிரிமினல் பிரதிவாதிக்கு 14 நாள்தான். மாநில நீதிமன்றங்களின் கணக்கு வேறு.

சரி, சுயவிவரத்துக்கு வருவோம். விருதுச் சின்னங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். 'சுப்ரீம் கோர்ட்டில் அனுமதி பெற்றவர்' என்ற வரியிலும் மயங்க வேண்டாம். மூன்று வருட அனுபவம், முன்மொழிய இரண்டு பேர், கட்டணம், இவை இருந்தால் கிடைத்துவிடும். அங்கே வாதாடியிருக்கிறாரா என்பது வேறு கேள்வி. 'லா கிளார்க்' என்று இருந்தால் மட்டும் நிறுத்திப் படியுங்கள். நம்மூர் வக்கீல் குமாஸ்தா இல்லை இது. நீதிபதியின் அறையிலேயே ஓரிரு வருடம் உட்கார்ந்து, தீர்ப்பு எழுத உதவியவர்.

'லிட்டிகேஷன் (கீழ்க்கோர்ட்டில் வழக்கு நடத்துவது), அப்பீல் இரண்டும்' என்று போட்டிருப்பார்கள். இரண்டும் வேறு வேறு கைவேலை. மேல்முறையீட்டில் சாட்சி கிடையாது, புது ஆதாரமும் பொதுவாகக் கிடையாது. பெரும்பாலும் மூன்று நீதிபதிகள், கீழ்க்கோர்ட்டின் பதிவேடு, அவ்வளவுதான். ஆனால் விசாரணை நடத்திய அனுபவம் வீணாகாது. விசாரணை அன்றைக்கு யாராவது ஆட்சேபம் சொன்னார்களா என்று அவர் கண் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது அங்கே பேசியதன் எழுத்துப் பதிவில், தானாகத் தேடும். சொல்லாமல் விட்டதை மேலே போய்க் கிளப்புவது கஷ்டம்.

இதையெல்லாம்விட, அவர் எழுதிய ஒரு பிரீஃபை, அதாவது கோர்ட்டில் தாக்கல் செய்த எழுத்து வாதத்தை, படியுங்கள். பெடரல் வழக்குகளின் ஆவணங்கள் அந்தக் கோர்ட்டுகளின் பேசர் (PACER) இணையதளத்தில் கிடைக்கும். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் அதுவும் இல்லை. முதன்மை பிரீஃபுக்கு 13,000 வார்த்தை வரை இடம் உண்டு. எங்கள் சீனியர் ஒருமுறை எட்டு வாதங்கள் இருந்த வரைவில் ஐந்தைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "இந்த மூன்றுக்கு நீதிபதி பதில் சொல்லட்டும்" என்றார். நீங்கள் படிக்கும் பிரீஃபில், கோர்ட் என்ன தவறு செய்தது என்பது இரண்டு பக்கத்துக்குள் உங்களுக்கே புரிய வேண்டும்.

வெற்றிகளை எண்ணாதீர்கள். பெரும்பாலான மேல்முறையீடுகள் தோற்கத்தான் செய்கின்றன. அதற்குப் பதில் வாதத்தின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். பல சர்க்யூட் கோர்ட்டுகள் (பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்) இணையத்தில் போடுகின்றன. நீதிபதி குறுக்கிட்டதும் நேராகப் பதில் சொல்கிறாரா, "அதற்கு வருகிறேன்" என்று நழுவுகிறாரா?

மாநில பார் (வக்கீல்கள் அமைப்பு) தளத்தில் பெயரைத் தட்டி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நேரில் சந்திக்கும்போது ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: "பிரீஃபை நீங்களே எழுதுவீர்களா, இல்லை நேற்று சேர்ந்த ஜூனியரா?"