காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை: கடலோரச் சாலையில் ரோடு சைக்கிள் ஓட்டும் முறை

வடசென்னைக் கடலோரத்தில் மேடு கிடையாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை சுமார் 13 கி.மீ. ஏற்றம் என்று ஏதாவது இருந்தால் அது மேம்பாலம்தான். சமதரைதானே என்று கிளம்புகிறவர்கள் போகும்போது பறந்துவிட்டு, திரும்பும்போது காற்றில் மாட்டிக்கொண்டு தவிப்பது இங்கே வழக்கம். கியரை விட, சைக்கிளின் விலையை விட, எந்த மாதம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்பதே இந்தச் சாலையில் முக்கியம்.

சாலை ஏறக்குறைய நேர் வடக்காகப் போகிறது, கடல் கிழக்கே. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகில் தள்ளும் காற்று. புதிதாக ஓட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. ஜூன், ஜூலையில் நிலைமை தலைகீழ். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கரைக்காற்று அடிக்கும். எண்ணூர் நோக்கிப் போகும்போது கால் வலிக்காமலே வேகம் கூடும். அந்த வேகத்தை உங்கள் பலம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்களால் முடிந்த தூரத்தில் பாதியைத் தொடும் முன்பே, நாற்பது சதவீதத்தில் திரும்பிவிடுங்கள். காற்றை எதிர்த்து மிதிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், எதிர்காற்றில் 28 கி.மீ. வேகத்தைப் பிடித்துவைக்கப் போராடுவது வீண். ஸ்பீடோமீட்டரை மறந்துவிட்டு, நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று மிதிக்க வரும் கியருக்கு இறங்குங்கள். வேகம் 20க்கு வந்தால் வரட்டும்.

கடற்காற்று தனிக் கணக்கு. வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, அது கரையேறும். மேலைக்காற்று பலமாக இருக்கும் ஜூன் மாதத்தில் இன்னும் தாமதமாகும். ஆகவே எட்டு மணிக்குள் வீடு திரும்புகிறவர்களுக்குக் கடற்காற்றின் தொல்லை இல்லை. மாலையில் ஓட்டினால் பக்கவாட்டில் தள்ளும். இருவராகப் போகும்போது வடக்கு நோக்கிய பயணத்தில் கடற்காற்று வலப்பக்கம் இருந்து வரும். பின்னால் வருபவர் முன்னவரின் இடப்பக்கம் சற்று ஒதுங்கி வந்தால் காற்று மறையும். கரைக்காற்று நாளில் இதே கணக்குப்படி வலப்பக்கம் ஒதுங்கினால் லாரியின் பாதையில் போய் நிற்பீர்கள். அன்று ஒருவர் பின் ஒருவராக நேர்க்கோட்டில் வருவதே சரி.

சூரியோதயம் ஜூன் தொடக்கத்தில் 5:42 வாக்கில், ஜனவரி நடுவில் 6:34 வாக்கில். அதற்கு அரை மணி நேரம் முன் கிளம்பினால் திருவொற்றியூரைத் தாண்டும்போது கடலின் மேல் வெளிச்சம் வரும். கருங்கல் தடுப்புகளும் கட்டுமரங்களும் கண்ணுக்குத் தெரியும் நேரம் அது, தவறவிடக் கூடாத காட்சி. இருட்டில் கிளம்புவதால் முன்னால் குறைந்தது 300 லூமன் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். சீட்டுக்கடியில் மாட்டும் பை பின் விளக்கை மறைக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் முன்னால் வேகம் வேண்டாம். மீன் வண்டிகளிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் சேர்ந்து தார்ச்சாலையை வழுக்கலாக்கும். அங்கே சைக்கிளைச் சாய்த்துத் திரும்பாதீர்கள், முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். ஞாயிறு விடியற்காலையில் மீன் வாங்க வரும் கூட்டத்தில் நடந்து தள்ளிக்கொண்டுதான் போக முடியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நெருக்கடி குறையும். புதியவர்கள் காசிமேட்டை விட்டுவிட்டுத் திருவொற்றியூரிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து முகத்துவாரம் எட்டு, ஒன்பது கி.மீ.

இந்தச் சாலையின் உண்மையான ஆபத்து கன்டெய்னர் டிரெய்லர். மணலிப் பக்கமிருந்து வருபவை எர்ணாவூர் அருகே எண்ணூர் விரைவுச் சாலையில் சேர்ந்து சென்னைத் துறைமுகம் நோக்கித் தெற்கே போகின்றன. எர்ணாவூருக்கு வடக்கே நெருக்கம் தணியும், தெற்கேதான் கவனம் வேண்டும். துறைமுக வாசலுக்காக வரிசை நிற்கும் நாளில் வண்டிகள் கடல் பக்கமாக, அதாவது நீங்கள் திரும்பி வரும் பக்கத்தில் நிற்கும். அதனால் இருட்டில் காலியாகத் தெரிந்த சாலை, திரும்பும்போது வேறு சாலையாக இருக்கும்.

நாற்பதடிக் கன்டெய்னர் 12 மீட்டருக்கு மேல் நீளம். அது இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டி வரும். சைக்கிள்காரர்கள் சிக்குவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். சந்திப்பில் டிரெய்லரின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள், பின்னால் நில்லுங்கள். அதன் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை. வேகமாகக் கடக்கும் டிரெய்லர் முதலில் உங்களை வெளியே தள்ளும், வால் பகுதி கடந்ததும் உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்கையை மடக்கி, டிராப்பில், அதாவது ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் கை வைத்து, பிடியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். நிற்கும் வரிசையைக் கடக்கையில் ஒரு கதவின் அகலமும் அதற்கு மேல் ஒரு கையளவும் தள்ளி ஓட்டுங்கள். இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து ஆள் இறங்கி வருவார்.

சாலை ஓரத்தை ஒட்டி ஓட்டுவது பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. ஓரத்தில் கடல் மணல், ஜல்லி, லாரி டயர் கிழிந்து உதிர்ந்த மெல்லிய எஃகுக் கம்பி எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, நேர்க்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் போக்கு புரியும்.

அந்தக் கம்பிதான் இந்தச் சாலையில் அடிக்கடி பஞ்சர் ஆக்குவது. தலைமுடி அளவே இருக்கும், டயரில் குத்தி நின்றாலும் கண்ணுக்குப் படாது. டியூபை மட்டும் மாற்றினால் அரை கி.மீ.யில் மறுபடியும் காற்று இறங்கும். டயரின் உள்பக்கம் பஞ்சையோ துணியையோ சுற்றிலும் தேய்த்துப் பாருங்கள், கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். அதைக் கொறடு கொண்டு வெளிப்பக்கமாக இழுத்த பிறகே புது டியூப் போடுங்கள். கையோடு இரண்டு டியூப், இரண்டு டயர் லீவர், ஒட்டுத் துணுக்குகள், சிறு பம்ப் வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றும் வைத்திருங்கள். வழியிலுள்ள பஞ்சர் கடைகளின் கம்ப்ரசர் குழாய் லாரிக்கும் பைக்குக்குமானது, அடாப்டர் இல்லாமல் உங்கள் வால்வில் பொருந்தாது.

டயர் 28 மி.மீ. அகலமும், ஓட்டுபவர் 70 கிலோ எடையும் என்றால் காற்றழுத்தம் முன் சக்கரத்துக்கு 75 பி.எஸ்.ஐ., பின் சக்கரத்துக்கு 80 போதும். 25 மி.மீ. டயருக்குப் பத்துப் பதினைந்து கூட்டுங்கள். கல்லாக அடித்து வைத்தால் வேகம் கூடும் என்பது இந்த ஒட்டுப்போட்ட சாலையில் பலிக்காது. சக்கரம் குதிக்கும், கை மரத்துப்போகும்.

சமதரைக்கென்று ஓர் உடல் வலி உண்டு. ஏற்ற இறக்கம் உள்ள சாலையில் உடல் தானாக எழும், அமரும், நிலை மாறும். இங்கே ஒரு மணி நேரமும் ஒரே இடத்தில் எடை அழுத்துவதால் உள்ளங்கையும் உட்காரும் இடமும் நோகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கியர் கூட்டி, இருபது மிதி எழுந்து மிதியுங்கள். கையை ஹூட் (பிரேக் பிடியின் மேல் உறை), டிராப், மேல்பார் என்று மாற்றிக்கொண்டே இருங்கள். சீட் உயரத்துக்கு, கால் இடுக்கிலிருந்து தரை வரையான அளவை 0.883ஆல் பெருக்கினால் கிராங்கின் (பெடல் மாட்டிய தண்டின்) சுழல் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான தொடக்க அளவு கிடைக்கும். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சில மில்லிமீட்டர் இறக்குங்கள்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மி.லி. ஈரப்பதத்தில் வியர்வை உலராததால் தாகம் தாமதமாகத்தான் தெரியும், கால் மணிக்கு ஒரு மடக்கு குடியுங்கள். மூக்கில் அம்மோனியா நெடி ஏறினால் அங்கே நிற்க வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடந்த அம்மோனியா கசிவை இந்தப் பகுதி மக்கள் மறக்கவில்லை. அந்த வாயு தண்ணீரில் கரையும். துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள்.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் திரும்பலாம். இன்னும் நீண்ட அமைதியான சமதரை வேண்டுமென்றால் பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை சுமார் 18 கி.மீ. கிராமச் சாலை இருக்கிறது. குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகளைப் பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் வைக்கோல் மேல் ஓட்டாதீர்கள். அது பின் டீரெய்லியரின் (செயினைக் கியர் மாற்றும் கருவியின்) சிறு பற்சக்கரங்களில் சுற்றி, அதைத் தாங்கும் ஹேங்கரையே முறித்துவிடும். சுற்றிவிட்டால் மிதிப்பதை உடனே நிறுத்தி, இறங்கிக் கையால் பிரித்தெடுங்கள்.

வீடு வந்ததும் குளிப்பதற்கு முன் சைக்கிள். உப்பு படிந்த செயினில் ஒரே இரவில் துரு பூக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். பைக் வாட்டர் வாஷ் கடையின் அழுத்தக் குழாய் வேண்டவே வேண்டாம், பேரிங்குக்குள் உப்புத் தண்ணீரைப் புகுத்தி கிரீஸை வெளியேற்றிவிடும். செயினைத் துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலாக இருப்பதைத் துடைத்துவிடுங்கள். மேலே ஒட்டும் எண்ணெய் மணலைப் பிடித்து அரைக்கும். மாதம் ஒருமுறை செயினை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு கண்ணி ஆணியின் மையத்திலிருந்து இன்னொன்றின் மையம் வரை 12 அங்குலம் வரவேண்டிய நீளம் அரைக்கால் அங்குலத்தில் பாதி கூடியிருந்தால், அதாவது ஒன்றரை மி.மீ. நீண்டிருந்தால், செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் (பின் பற்சக்கர அடுக்கும்) சேர்ந்து போகும்.

எளிதில் மறந்துபோவது சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட். எஃகு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்தால் உப்பு ஈரத்தில் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை டேப்பால் அடையாளமிட்டு, போஸ்ட்டை உருவித் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். பெடலுக்கும் அதேதான். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் கழலும்.