கடல் மீட்புத் தொண்டு நிறுவனத்தின் செலவுக் கணக்கைப் படிப்பது எப்படி?

மத்தியதரைக் கடலில் படகேறி ஐரோப்பாவுக்கு வருவோரை மீட்கும் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை அளிக்க நினைப்பவர், மொத்தச் செலவை மீட்கப்பட்டோரின் எண்ணிக்கையால் வகுத்து ‘ஓர் உயிருக்கு இவ்வளவு’ என்று முடிவுகட்டக் கூடாது. கடல் கொந்தளிக்கும் வாரங்களில் படகுகள் புறப்படாமல் போகலாம். அப்போதும் கப்பல் வாடகையும் காப்பீடும் மாலுமிகளின் சம்பளமும் நிற்பதில்லை. தீயணைப்பு நிலையத்தின் செலவைத் தீ விபத்துகளின் எண்ணிக்கையால் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லையே.

ஆண்டறிக்கையை எடுத்ததும், கப்பல் சொந்தமா வாடகையா என்று பாருங்கள். எஸ்ஓஎஸ் மெடிடரேனி என்ற மீட்புத் தொண்டு நிறுவனம் 2019 முதல் இயக்கிவரும் ஓஷன் வைக்கிங் வாடகைக் கப்பல். அது 1986இல் கட்டப்பட்டது. வாடகைக் கப்பலின் செலவு ஆண்டுதோறும் ஏறத்தாழச் சீராக இருக்கும். சொந்தக் கப்பல் வாங்கிய ஆண்டில் பெரும் தொகை ஒரே மூச்சில் வெளியேறியிருக்கும். அந்த ஓர் ஆண்டை மட்டும் பார்த்து ஊதாரித்தனம் என்று சொல்லிவிடலாகாது.

அடுத்து, கடலில் கழித்த நாள்களை இரண்டாகப் பிரியுங்கள்: தேடுதலில் சென்றவை, துறைமுகம் போய்த் திரும்புவதில் சென்றவை. என் கருத்தில் மிக முக்கியமான கணக்கு இதுதான். 2023 ஜனவரியில் இத்தாலி பிறப்பித்த அவசரச் சட்டத்தின்படி, மீட்பு முடிந்ததும் கப்பல் தனக்கு ஒதுக்கப்பட்ட துறைமுகத்துக்குத் தாமதமின்றிச் செல்ல வேண்டும். மீறினால் 50,000 யூரோ வரை அபராதமும் 20 நாள் தடுத்துவைப்பும் விதிக்கப்படலாம். அருகில் தென் இத்தாலியின் சிசிலித் தீவு இருக்க, தொலைவில் வடக்கே ரவென்னாவோ ஜெனோவாவோ ஒதுக்கப்பட்டால், எரிபொருளும் நாள்களும் வழியிலேயே கரைகின்றன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தன் மீட்புக் கப்பலான ஜியோ பாரன்ட்ஸின் பணியை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது இத்தகைய சட்டங்களையே காரணமாகச் சொன்னது. எனவே எரிபொருள் செலவு கூடியிருந்தால், நிர்வாகத்தைக் குறை கூறுவதற்கு முன் எந்தத் துறைமுகங்கள் ஒதுக்கப்பட்டன என்பதைத் தேடிப் பாருங்கள்.

ஒப்பிட விரும்பினால், இத்தாலியக் கடற்படை 2013 அக்டோபர் முதல் ஓராண்டு நடத்திய ‘மாரே நோஸ்ட்ரும்’ மீட்புப் பணிக்கு மாதம் சுமார் 90 லட்சம் யூரோ ஆனது என்பதை நினைவில் கொள்ளலாம். ஆங்கிலக் கால்வாயிலும் மீட்பில் ஈடுபடும் பிரிட்டனின் ஆர்என்எல்ஐ நிறுவனத்தோடு ஒப்பிடுவது மட்டும் பொருந்தாது. அதன் படகோட்டிகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், படகுகளும் கரையோர நிலையங்களிலிருந்து புறப்படுபவை.

இவற்றையெல்லாம் பார்த்தபின் பணம் கொடுப்பதென்று முடிவு செய்தால், மாதந்தோறும் சிறு தொகையாக, குறிப்பிட்ட செலவுக்கென்று கட்டுப்படுத்தாமல் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனத்துக்கு, வரும் மாதங்களில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரிந்திருப்பது அவசியம்.