வலது கை அறிந்த கோலத்தை இடது கைக்குப் பழக்குவது எப்படி?

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட் வாசலில் கோலம் போடுவது என் வேலை என்பதால் இடது கையைப் பழக்கத் தொடங்கினேன். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே அது படிந்தது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கான விளக்கம் இது.

இடது கை ஒன்றுமே தெரியாமல் தொடங்குவதில்லை. 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். சிறு துளைக்குள் விளிம்பில் படாமல் ஊசியை நுழைக்க வேண்டும். பயிற்சி வலது கைக்கு மட்டும்தான். பிறகு பார்த்தால், பயிற்சியே செய்யாத இடது கையும் முன்பைவிட நன்றாகச் செய்தது. பிடி வலுவும் அப்படியே மறு கைக்குக் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. இடது கையை இயக்குவது பெரும்பாலும் மூளையின் வலது பாதி, வலது கையை இயக்குவது இடது பாதி. இரண்டையும் ஏறத்தாழ 20 கோடி நரம்பு இழைகள் கொண்ட தடித்த கற்றை ஒன்று இணைக்கிறது.

ஆனால் எல்லாமே கடந்து போவதில்லை. எந்தப் புள்ளியில் தொடங்குவது, எங்கே வளைப்பது, எதற்கு அப்புறம் எது என்ற திட்டம் எளிதில் போய்விடும். விரல் நுனியின் நுணுக்கம் அவ்வளவாகப் போகாது, அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை இதை வைத்தே அமைத்திருக்கிறேன்.

1. வாங்க வேண்டியவை

ஒரு சிறிய கரும்பலகை, தடிமனான சாக்பீஸ். அவ்வளவு போதும். டேப்லெட்டில் வரைந்து பழகலாமே என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணாடியில் விரல் வழுக்கும், கைக்கு எந்தப் பிடிமானமும் கிடைக்காது. சாக்பீஸ் உரசும் உணர்வு கைக்குத் தேவை.

2. கோலத்தைத் தேர்வு செய்தல்

5 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு போட்டால் இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் தெரிவதுபோல் ஒத்திருக்க வேண்டும். கண்ணாடிபோல் ஒத்திராமல், சுழற்றினால் மட்டும் ஒத்துப்போகிற சிக்குக் கோலங்கள் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று 4-இல் சொல்கிறேன்.

3. இரு கையும் ஒன்றாக

பலகைக்கு நேராக நில்லுங்கள், மூக்கு நடுக்கோட்டுக்கு எதிரே இருக்கட்டும். இரு கையிலும் சாக்பீஸ். மேல் நடுப்புள்ளியில் தொடங்கி, வலது கை வலப்பக்கம் வளையும்போது இடது கை இடப்பக்கம் வளையட்டும். இரு கையிலும் ஒரே வகைத் தசைகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் இது சுலபமாக வரும். கண் இடது கையின் மேலேயே இருக்கட்டும். இரண்டு மூன்று முறை ஆனதும் வலது கையை எடுத்துவிட்டு, இடைவெளி விடாமல் இடது கையால் மட்டும் போடுங்கள்.

வலது கை மாவுக்கட்டில் இருந்தால் அதை அசைக்காமல், மனத்திலேயே அது கோலத்தைப் போட்டு முடிப்பதாக நினைத்துப் பாருங்கள், அப்புறம் இடது கையால் தொடங்குங்கள். எலும்பு முறிவு, பக்கவாதம் என்று காரணம் எதுவானாலும் உங்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

4. எல்லாரும் சிக்கும் இடம்

இடப்பாதி வந்துவிடும், வலப்பாதிக்குப் போனதும் கை திணறும். வலது கை போன அதே திசையில் இடது கையையும் இழுத்துப்போகப் பார்ப்பதுதான் காரணம். வலது கை ஒரு வளைவைக் கடிகாரச் சுற்றில் போட்டுப் பழகியிருந்தால், இடது கைக்கு இயல்பாக வருவது எதிர்ச்சுற்று.

அதனால் பாதையை முழுவதுமாகத் திருப்பிவிடுங்கள். வலது கை வலது மேல் மூலையில் தொடங்கியதென்றால் இடது கை இடது மேல் மூலையில் தொடங்கட்டும். வலமாகச் சுற்றியதெல்லாம் இடமாகச் சுற்றட்டும். இரு பாதியும் ஒத்த கோலம் என்பதால் முடிவில் கிடைப்பது அதே கோலம்தான், எந்தத் திசையில் போட்டோம் என்பது தரையில் தெரியாது. சுழன்று மட்டும் ஒத்துப்போகும் கோலம் என்றால் இப்படிச் செய்யும்போது அது இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாகிவிடும். முதலில் அதைத் தவிர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இது சரளமாக வந்த பிறகு பழைய திசையிலும் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் வேண்டாம்.

5. மாவுக்கு மாறுதல்

இங்கே அவசரம் கூடாது. கட்டைவிரல் மாவை உரசி விடும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். வலது கையிடமிருந்து இடது கைக்கு வராத நுணுக்கம் இதுதான். நேர்க்கோடு மட்டும் போடுங்கள். மாவு திட்டுத் திட்டாக விழுந்தால் கையை மெதுவாக்காதீர்கள், கிள்ளி எடுக்கும் மாவைக் குறையுங்கள். கோலாலம்பூர் ஈரக் காற்றில் அரிசி மாவு கட்டி தட்டும். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் கோலப்பொடி வாங்கி மாவோடு கலந்துகொள்கிறேன்.

தீபாவளிக்குள் மாவு வசப்படாது போலிருந்தால் வண்ண அரிசிக்கு மாறிவிடுங்கள். நம் ஊர் பேரங்காடிகளில் போடுவார்களே, அந்த மாதிரி. சாக்பீஸ் கோட்டுக்குள் அரிசியை நிரப்ப இடது கை தாராளமாகப் போதும்.

மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) தே தாரிக் எனும் பால் தேநீரை ஆற்றுபவரைக் கவனியுங்கள். ஒரு கை ஊற்றுகிறது, மறு கை ஏந்துகிறது. பழகிய கை பாதையைச் சீராக வரைவதிலும், மறு கை ஓரிடத்தில் நிலையாக நிற்பதிலும் தேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே இடது கையால் நீளமான வளைவை ஒரே இழுப்பில் போடாமல், புள்ளிக்குப் புள்ளி நிறுத்திப் போடுங்கள்.

பின்சேர்க்கை: எழுத்து

இதே முறையில் எழுதிப் பார்த்தபோது எழுத்துகள் திரும்பி வருகின்றன என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அது சரிதான். கோலத்துக்கு உதவுகிற கண்ணாடிப் பாதை எழுத்துக்கு உதவாது. ‘ப’ தப்பித்துவிடும், ‘ட’ திரும்பிக்கொள்ளும். எழுத்துக்கு இரு கைப் பயிற்சியை விட்டுவிட்டு, ஆரம்பத்திலிருந்தே இடது கையால் சரியான திசையில் எழுதுங்கள். தாளின் மேல்பக்கம் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும், பிடி நுனியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும். ஜெல் பேனா வேண்டாம், காய்வதற்குள் கை அதன்மேல் போய்விடும். பிள்ளைகள் பரீட்சைக்கு வாங்கும் 2பி பென்சிலும் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று தொடங்குங்கள்.